துணைச் சீட்டும் துணையும்

வண்டியில் இடம் கிடைப்பது ஒன்று. வழித்துணை கிடைப்பது மற்றொன்று. வெளியூர் வந்து குடியேறிய தமிழர்களுக்கு இந்த வேறுபாட்டை எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. நம் தந்தையர் சென்னையிலிருந்து பம்பாய்க்கு மூன்றாம் வகுப்பில் வந்தவர்கள். ஒருவர் தகரப் பெட்டியின்மேல் சாய்ந்து உறங்க, மற்றவர் விழித்திருந்து மூட்டை முடிச்சுகளைக் காப்பார். நள்ளிரவு கடந்ததும் முறை மாறும். 1974-ஆம் ஆண்டில் இரயில்வேயில் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே ஒழிந்தது. இன்று நம் பிள்ளைகள் இலண்டனிலும் பிற நகரங்களிலும் குடியேறி, வானூர்தியில் வந்து போகிறார்கள். வண்டி மாறியது, வகுப்பு மாறியது, துணை பற்றிய கவலை மட்டும் மாறவில்லை.

அக்கவலையைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு இக்காலத்தில் ஒரு புதுப்பொருள் வந்திருக்கிறது. கடன் அட்டையில் இவ்வளவு தொகை செலவிட்டால், நெடுந்தொலைவு விமானத்தில் உயர் வகுப்பில் உங்களுடன் ஒருவர் இலவசமாக வரலாம் என்பதே அது. 'துணைப் பயணி சீட்டு' என்று அதைச் சொல்லலாம். சுருக்கமாகத் துணைச் சீட்டு என்போம். பிள்ளைகளை வெளிநாட்டிற்கு அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் குடும்பங்கள் பலவற்றில் இன்று இப்பேச்சு அடிபடுகிறது. எங்கள் வீட்டிலும் அடிபட்டது. இக்கட்டுரையை எழுதும் நாங்கள் இருவரும் கணவனும் மனைவியுமாகச் செம்பூரில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள். அச்சீட்டினால் எங்களுக்கு விளைந்த நன்மையையும், அதனால் நாங்கள் கற்ற பாடத்தையும் ஒளிவுமறைவின்றி இங்கே எழுதுகிறோம். நம் சங்கத்துக் குடும்பங்களுள் ஒன்றிரண்டுக்கேனும் இது பயன்படுமாயின் மகிழ்வோம்.

சீட்டின் இலக்கணம்

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். இத்தகைய சீட்டுகளுள் பெயர் பெற்றது இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனமும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனமும் சேர்ந்து வழங்கும் அட்டையைச் சார்ந்தது. எங்கள் மகள் வைத்திருப்பதும் அவ்வகை அட்டையே. அதில் இரண்டு தரம் உண்டு. ஆண்டுக் கட்டணம் இல்லாத அட்டையில் கிடைக்கும் துணைச் சீட்டு சாதாரண வகுப்புக்கு மட்டும் செல்லும், ஓராண்டே உயிர்வாழும். மேல்தர அட்டைக்கு 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி 300 பவுன் ஆண்டுக் கட்டணம். அதில் கிடைக்கும் சீட்டு வணிக வகுப்பு முதலிய உயர் வகுப்புகளுக்கும் செல்லும், ஈராண்டு உயிர்வாழும்.

சீட்டைப் பெறுவதற்கு ஓராண்டுக்குள் அட்டையில் 15,000 பவுன் செலவிட வேண்டும். மேல்தர அட்டைக்கு முன்னர் 10,000 பவுனாக இருந்த இவ்வெல்லை 2024-ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டது. மாதத்திற்கு 1,250 பவுன் என்று ஆகிறது. நம் நாட்டுப் பணத்தில் ஆண்டுக்குப் பதினேழு லட்ச ரூபாய்க்கு மேல்.

இவ்வளவும் செய்தபின் கையில் வருவது விமானச் சீட்டு என்று பலர் எண்ணுகிறார்கள். நாங்களும் அவ்வாறே எண்ணினோம். உண்மை வேறு. அந்நிறுவனத்தின் 'ஏவியாஸ்' என்னும் புள்ளிகளைக் கொடுத்து ஒருவர் தமக்கு இருக்கை பெறும்போது, உடன் வருபவருக்குத் தனியே புள்ளிகள் கேட்கப்படமாட்டா. இதுவே சீட்டின் பயன். ஆகவே புள்ளிகள் இல்லாதவருக்குச் சீட்டு இருந்தும் இல்லாததே. நெல் இருந்தால்தான் உரலுக்கு வேலை உண்டு.

புள்ளிகள் எப்படிச் சேரும்? மேல்தர அட்டையில் பொதுவான செலவுக்கு ஒரு பவுனுக்கு ஒன்றரைப் புள்ளி. 15,000 பவுன் செலவிட்டால் 22,500 புள்ளி. வணிக வகுப்பில் இலண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்து திரும்ப எத்தனை புள்ளி வேண்டும் என்பது நாளுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். பணத்தைக் கூட்டிப் புள்ளியைக் குறைத்தும், புள்ளியைக் கூட்டிப் பணத்தைக் குறைத்தும் கொடுக்க வழியுண்டு. கணக்குக்காக ஒருவருக்கு ஒன்றரை லட்சம் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 22,500 வீதம் சேர்த்தால் ஆறரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சீட்டின் ஆயுளோ ஈராண்டு! அட்டை வாங்கும்போது தரும் வரவேற்புப் புள்ளிகள், அலுவலகப் பயணங்களில் சேரும் புள்ளிகள், பலசரக்கு அங்காடியில் சேர்த்து மாற்றிக்கொள்ளும் புள்ளிகள் ஆகியவை இருந்தால்தான் சீட்டுக்கும் புள்ளிக்கும் காலம் கூடும். எங்கள் மகள் அலுவல் காரணமாக அடிக்கடி பறப்பவள். ஆதலால் அவளிடம் புள்ளிகள் இருந்தன.

இனி வரியைப் பார்ப்போம். புள்ளி கொடுத்துப் பெறும் இருக்கைக்கும் வரியும் விமான நிறுவனம் விதிக்கும் கட்டணமும் உண்டு; துணைக்கு வருபவரும் அவற்றைச் செலுத்தியாக வேண்டும். இங்கிலாந்திலிருந்து புறப்படும் பயணிகளுக்கு அந்நாட்டு அரசு ஒரு வரி விதிக்கிறது. இந்தியா அடங்கியுள்ள தொலைவுப் பிரிவில், 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை, சாதாரண வகுப்புக்கு 90 பவுன். அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 216 பவுன். துணைச் சீட்டில் வருபவர் உயர் வகுப்பில் அமர்ந்தால் அவருக்கும் 216 பவுனே. இவ்வரி அங்கிருந்து புறப்படுவோர்க்கே உரியது. இங்கிருந்து அங்கே போகும் வழிக்கு இல்லை.

இவர்கள் ஏன் தருகிறார்கள்?

வணிகன் காரணமின்றிக் கொசுறு போடமாட்டான் என்பது நம் கடைவீதி அறிந்த செய்தி. இங்கும் காரணம் உண்டு. அட்டையைத் தேய்க்கும்போதெல்லாம் கடைக்காரர் தம் வரவில் ஒரு சிறு பங்கை அட்டை நிறுவனத்துக்கு விடுகிறார். அப்பங்கிலிருந்து ஒரு பகுதியைக் கொண்டு அட்டை நிறுவனம் விமான நிறுவனத்திடம் புள்ளிகளை மொத்தமாக விலைக்கு வாங்குகிறது. விமான நிறுவனத்துக்குப் பணம் முன்னதாகவே வந்துவிடுகிறது. இருக்கையைக் கொடுப்பதோ பின்னொரு நாளில். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981-ஆம் ஆண்டில் தொடங்கிய பயணப் புள்ளித் திட்டத்தைப் பார்த்துப் பிற நிறுவனங்களும் இவ்வழியில் இறங்கின. இன்று புள்ளி விற்பது விமானத் தொழிலின் பெரிய வருவாய்களுள் ஒன்று.

இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. விதிகள் யாவும் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் நாம் கடையில் கொடுக்கும் விலையினுள்ளே நம் இலவச இருக்கையின் விலையும் ஒரு துளியாய்க் கலந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. எவ்வளவுக்கு எவ்வளவு நாம் செலவிடுகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு அவர்களுக்கு நன்மை. 15,000 பவுன் எல்லையை எட்ட இன்னும் 2,000 பவுன் குறைகிறது என்று ஆண்டின் இறுதியில் ஒருவர் தேவையற்ற பொருள்களை வாங்குவாராயின், அன்றே அவருடைய இலவசச் சீட்டு விலைச்சீட்டாக மாறிவிட்டது. அந்த 2,000 பவுனைத் தவணை தவறி ஓராண்டு கடனாக வைத்திருந்து, அதற்கு ஆண்டுக்கு 30 விழுக்காடு வட்டி என்று கொண்டால், வட்டி மட்டும் 600 பவுன். அட்டையின் ஆண்டுக் கட்டணத்தைப் போல் இரு மடங்கு.

நம் நாட்டு அட்டைகளுக்கும் இக்கணக்கு பொருந்தும். இன்னும் கடுமையாகவே பொருந்தும். மாதத்துக்கு மூன்றரை விழுக்காடு என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பது ஆண்டுக்கு 42 விழுக்காடு. ஒரு லட்ச ரூபாயை ஓராண்டு நிலுவையில் வைத்தால் தனி வட்டிக் கணக்கிலேயே 42,000 ரூபாய். அவ்வட்டியின்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 7,560 ரூபாய். 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளிவிட்டது. ஆகவே நம்மைக் காக்கும் வரம்பு நம் கைக்கட்டுப்பாடு ஒன்றுதான். நிலுவை இருக்கும் அட்டையில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத் தவணையும் கிடையாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மற்றொன்றும் கூறுவோம். புள்ளிகள் வங்கிக் கணக்குப் பணம் போன்றவை அல்ல. அவற்றின் மதிப்பை ஏற்றவும் இறக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நிறுவனமே நிலைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. கிங்ஃபிஷர் விமானங்கள் 2012-ஆம் ஆண்டிலும், ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் 2019 ஏப்ரலிலும் பறப்பதை நிறுத்தின. விஸ்தாரா நிறுவனம் 2024 நவம்பர் 12-ஆம் நாள் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. அதன் பெயர் தாங்கிய கடன் அட்டைகளை நம்மவர்கள் பலர் வைத்திருந்தார்கள். சேர்த்த புள்ளிகள் புதிய வீட்டுக்கு மாற்றப்பட்டன. எனினும் பழைய கணக்குப் போட்டு வைத்திருந்த பயணங்கள் பழைய கணக்காகவே நின்றுவிடவில்லை. ஆதலால் புள்ளியைச் சேர்த்து அழகு பார்ப்பதினும் செலவிட்டுப் பயன் காண்பதே அறிவுடைமை.

எங்கள் வீட்டுக் கதை

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாங்கள் இருவரும் மகளைப் பார்க்க இலண்டன் சென்றோம். போகும்போது சாதாரண வகுப்பு. எங்களுள் மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கவிட்டு அமர்ந்ததில், இறங்கும்போது பாதங்கள் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நெடும் பயணத்தில் அசையாது அமர்ந்திருப்பது வெறும் அசௌகரியம் மட்டும் அன்று. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அசைவின்றி இருப்போர்க்குக் காலில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நலமுடையோரில் ஆறாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவுதான் அது. அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் வயதும் பருமனும் பழைய நோயும் கூடியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புறப்படுதல் நன்று.

வீங்கிய பாதத்தைப் பார்த்த மகள் அன்றே சொன்னாள்: "திரும்பும்போது நீங்கள் இப்படிப் போக வேண்டாம். என்னிடம் துணைச் சீட்டு இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் படுத்துக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம்." வணிக வகுப்பில் இருக்கை முழுதும் படுக்கையாக விரியும் ஏற்பாட்டை அந்நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. நாங்களும் மகிழ்ந்தோம். அவள் சொல்லை நம்பித்தான் முன்பே இருவருக்கும் ஒருவழிச் சீட்டு மட்டும் எடுத்திருந்தோம்.

ஒரு நாள் மாலை, தீபாவளிக்கு முன் நாங்கள் ஊர் திரும்ப வேண்டி, அவள் இருக்கை பதிவு செய்ய அமர்ந்தாள். சிறிது நேரத்தில் அவள் முகம் வாடியது. அட்டைக்கு உரியவர் எவரோ அவரே பயணிகள் இருவருள் ஒருவராய் இருத்தல் வேண்டும், இதுவே விதி. அட்டைக்காரர் வீட்டில் இருந்துகொண்டு தாய்க்கும் தந்தைக்கும் அச்சீட்டைக் கொடுக்க முடியாது. புள்ளிகளை மட்டும் கொடுத்து இருவருக்கும் இருக்கை எடுக்கலாம். ஆனால் அவளிடம் இருந்த புள்ளிகள் ஒருவருக்கே போதும்.

விதியில் குற்றம் ஒன்றும் இல்லை. அட்டைக்காரருக்கு உடன் வருபவர் என்பதுதானே துணைச் சீட்டின் பொருள்? பெயரிலேயே இருந்ததை நாங்கள் படிக்கத் தவறினோம். நம் இரயில்வேயில் உடன் செல்பவருக்குச் சலுகை தரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தனியே பயணம் செய்ய இயலாத மாற்றுத்திறனாளிக்குத் துணையாகச் செல்பவருக்கும் அதே கட்டணச் சலுகை கிடைக்கிறது. அங்கே யாருக்குத் துணை வேண்டும் என்று பார்த்துச் சலுகை தருகிறார்கள். இங்கே யார் செலவிட்டார் என்று பார்த்துத் தருகிறார்கள். இவ்வேறுபாடு தெரிந்திருந்தால் மே மாதத்திலேயே வேறு வழி தேடியிருப்போம்.

மகள் கண்கலங்கினாள். கணவர் உடனே சொன்னார்: "இதற்கு ஏனம்மா வருத்தம்? நீ அம்மாவை அழைத்துக்கொண்டு முன்னால் வா. தீபாவளியும் நம் வீட்டில் ஆகட்டும். நான் பின்னால் அமர்ந்து வருகிறேன். எனக்கு முழங்கால் நன்றாய் இருக்கிறது." அவ்வாறே முடிவாயிற்று. மகள் ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். தனக்கும் தாய்க்கும் துணைச் சீட்டைக் கொண்டு வணிக வகுப்பில் மும்பைக்கு ஒருவழி இருக்கை பெற்றாள். அதே விமானத்தில் கணவருக்குச் சாதாரண வகுப்பில் ஒரு சீட்டு வாங்கினோம். மகள் திரும்பிப் போக மற்றொரு சாதாரணச் சீட்டு.

கணக்கேட்டில் எழுதிப் பார்த்தோம். அட்டையின் ஆண்டுக் கட்டணம் 300 பவுன். முன் வகுப்பில் இருவருக்கும் புறப்பாட்டு வரி மட்டும் 432 பவுன். அதற்குமேல் நிறுவனம் விதித்த கட்டணம். கணவரின் சீட்டு. மகள் திரும்பிப் போன சீட்டு. துணைச் சீட்டை ஒருவழிக்கே செலவிட்டமையால் மறுவழியில் கிடைக்கக்கூடிய பயன் வீணாயிற்று. பாதிப் பழத்தைத் தின்றுவிட்டுப் பாதியை எறிந்தது போல. 'இலவசம்' என்று முதலில் எழுதியிருந்த சொல்லை நாங்களே கோடிட்டு அடித்துவிட்டோம்.

திரைக்கு இருபுறமும்

அக்டோபரில் ஓர் இரவு ஹீத்ரூவில் விமானம் ஏறினோம். வாயிலைக் கடந்ததும் மனைவியும் மகளும் ஒரு பக்கம் திரும்பினார்கள். கணவர் மறுபக்கம் நடந்தார். மணமாகி நாற்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரே வண்டியில் இருவரும் தனித்தனி வகுப்பில் ஏறியது அதுவே முதல் முறை.

முன்னறையில் எல்லாம் செம்மையாகவே இருந்தது. மெத்தை விரிப்பு, கனத்த போர்வை, பீங்கான் தட்டில் உணவு, கேட்குமுன் வந்து நிற்கும் பணிப்பெண். காலை நீட்டிப் படுத்ததும் முழங்கால் வலி பெருமளவு அடங்கியது. இதை மறுத்துக் கூறுவது நன்றிகெட்ட செயல் ஆகும். மகள் தாயின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "அம்மா, உறங்குங்கள்" என்றாள்.

உறக்கம் வரவில்லை. உணவுத் தட்டுகளை எடுத்துச் சென்ற பின், விளக்குகளை அணைத்த வேளையில், மனைவி மெல்ல எழுந்து திரையை விலக்கிக்கொண்டு பின்னே நடந்தார். வரிசை வரிசையாகத் தேடி, கணவர் அமர்ந்திருந்த இடத்தைக் கண்டார். நடுவிருக்கை. இருபுறமும் இளைஞர்கள் உறங்குகிறார்கள். கணவர் மட்டும் விழித்திருந்தார்.

"சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டேன். நீ ஏன் எழுந்து வந்தாய்? படுத்தாயா?"

"படுத்தேன். நீங்கள் காலை அசைத்துக்கொண்டே இருங்கள்."

இவ்வளவுதான் பேச்சு. கையில் மறைத்து எடுத்து வந்த சிறு சாக்லேட் பொட்டலம் ஒன்றை அவர் கையில் வைத்துவிட்டு மனைவி திரும்பினார். விடியுமுன் மறுபடியும் ஒரு முறை வந்து போனார். பத்தாயிரம் ரூபாய்க்குத் துணி எடுத்துத் தந்தாலும் மகிழாத மனத்தைக் கணவருக்கு அந்தச் சாக்லேட் பொட்டலம் கலக்கிவிட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

நேயர்களுக்குச் சில சொற்கள்

இக்கதையைக் கேட்டவர்கள் துணைச் சீட்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக எண்ண வேண்டா. இளந்தம்பதியர் அங்கிருந்து வந்து போவதற்கு அது நன்கு பயன்படும். கணவனும் மனைவியுமாய் இருவரும் பயணிகள். இருவருள் ஒருவர் அட்டைக்காரர். வரவும் போக்கும் ஒரே பதிவில். அவர்களுக்காகவே அளந்து தைத்த சட்டை அது. தனியே வருபவரும் அதனைப் பயன்படுத்தலாம். மேல்தர அட்டையின் சீட்டைத் தனியொருவர் கொடுத்தால் பாதிப் புள்ளிகளுக்கே இருக்கை கிடைக்கும் என்னும் விதி 2021-ஆம் ஆண்டில் வந்தது. முதியோர் இருவரை அழைத்துவர எண்ணுவோர்க்குத்தான் அது அளவு பொருந்தாத சட்டை.

ஆகவே பிள்ளைகள் தொலைபேசியில் இப்பேச்சை எடுத்தால், கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சீட்டு யார் பெயரில் இருக்கிறது, அவர் உடன் வருவாரா? புள்ளிகள் கையில் உள்ளனவா, இனிமேல்தான் சேர்க்க வேண்டுமா? இருவழிக்கும் பயன்படுமா? வரியும் கட்டணமும் எவ்வளவு? வழக்கமான வீட்டுச் செலவிலேயே எல்லை எட்டப்படுகிறதா, எல்லைக்காகச் செலவு பெருகுகிறதா? மாதந்தோறும் முழுத் தொகையும் கட்டப்படுகிறதா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்ற விடை வந்தால் மற்றக் கேள்விகளைக் கேட்க வேண்டியதே இல்லை.

பதிவு செய்வதற்கும் ஒரு காலம் உண்டு. நெடுந்தொலைவு விமானம் ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு வணிக வகுப்பு இருக்கைகளைப் புள்ளிக்கென்று ஒதுக்குவதாக அந்நிறுவனம் உறுதி கூறுகிறது. அவை பயண நாளுக்கு 355 நாள் முன்பே திறக்கப்படும். பள்ளி விடுமுறை, பொங்கல், தீபாவளிக் காலங்களில் அந்நான்கும் விரைவில் தீர்ந்துவிடும். ஓராண்டு முன்னதாகத் திட்டமிட இயலாதவர்க்கு இச்சீட்டு பெரும்பாலும் ஏமாற்றமே தரும். திட்டம் மாறினால் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்வரை சிறு கட்டணம் செலுத்திப் பதிவை நீக்கிக்கொள்ளலாம் என்பது ஓர் ஆறுதல்.

உயர் வகுப்புக்கு வசதி இல்லையெனின் வருந்த வேண்டா. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி எல்லா வகுப்பினர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். நடைவழியை ஒட்டிய இருக்கையை முன்கூட்டியே எடுத்துக்கொண்டால், மணிக்கு ஒரு முறை எழுந்து உலவலாம். கணுக்காலை மேலும் கீழுமாக அசைப்பதற்கு எந்த வகுப்பிலும் வரி இல்லை. அசையாது படுத்தே கிடப்பவருக்கு முன்னறையிலும் இரத்தம் உறையும் என்பதையும் அறிக. இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், இருவருக்கும் இருவழியும் உயர் வகுப்பு என்று எண்ணாமல், உடல் தளரும் வழி எதுவோ அவ்வொரு வழிக்கு மட்டும் இருவருக்குமாக இடைவகுப்பு இருக்கை பெறலாம். வெளிச்சத்தில் பறக்கும் பகல் விமானம் முதியோர்க்கு இரவு விமானத்தினும் எளிது என்பது எங்கள் அனுபவம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தாய் தந்தையரைச் சுகமாக அழைத்துவர வேண்டும் என்ற உங்கள் ஆசை உயர்ந்தது. அதற்காக அட்டையின் எல்லையைத் துரத்தி ஓடாதீர்கள். நீங்கள் கடன்பட்டு விரித்த மெத்தையில் அவர்களுக்கு உறக்கம் வராது. சாதாரணச் சீட்டில் அழைத்தாலும், விமான நிலையத்தில் நேரத்தோடு வந்து நின்றீர்களானால் அதுவே அவர்களுக்கு முதல் வகுப்பு.

மும்பையில் இறங்கிய காட்சியுடன் முடிக்கிறோம். முன் வகுப்பினரை முதலில் இறக்கினார்கள். குடிநுழைவு வரிசை நீளுமுன் போய்விடலாம் என்று மகள் விரைவுபடுத்தினாள். மனைவி விமானத்திலிருந்து வெளிவரும் பாதையின் ஓரத்தில், சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். "நீ போய் வரிசையில் நில், அம்மா. அப்பா வரட்டும்" என்றார். முந்நூறு பேர் இறங்கிப் போக இருபது நிமிடம் ஆயிற்று. எந்த முழங்கால்களுக்காக இவ்வளவு புள்ளியும் பவுனும் செலவாயினவோ அம்முழங்கால்களின் மேல் அந்த இருபது நிமிடமும் அவர் நின்றுகொண்டிருந்தார். கணவர் கைப்பையுடன் வந்து சேர்ந்ததும் இருவரும் சேர்ந்து நடந்தோம்.

அடுத்த முறை எங்கே அமர்வது என்பதை அந்தப் பாதையிலேயே முடிவு செய்துவிட்டோம். முன்னறையோ பின்னறையோ, எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து இருக்கை இரண்டு போதும்.